பாறையைப் பிணிக்கும் கம்பி

மலையைக் குடைந்து வழி சமைக்கையில், தலைக்கு மேலுள்ள வெடித்த பாறையை எது தாங்குகின்றது? துளையிட்டுச் செலுத்தி முடுக்கப்பெறும் உருக்குக் கம்பிகளே. 1949 இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய ஸ்நோயி மலைத் திட்டத்தின் பொறியியலாளர் லாங், வாளியொன்றில் சரளைக் கற்களை நிரப்பிச் சிறு கம்பிகளால் முடுக்கித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். கற்கள் உதிரவில்லை! நெருக்குண்ட கற்கள் ஒன்றையொன்று தாங்கின.

ஆனால், இரும்பின் பகை துருவன்றோ? அதுவும் துளைக்குள்ளே, நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அரிக்கின்றது. வெளித்தகடு பளபளக்க, உள்ளே கம்பி பாதி கரைந்திருக்கலாம். கீழேயோ மனிதர் நடமாடுகின்றனர். ஆதலின் துளை முழுவதும் சீமெந்துக் குழம்பை நிரப்புவர். அதன் காரத்தன்மை உருக்கின்மீது மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும். சிறு வெற்றிடம் எஞ்சினும் நீர் புகுந்துவிடும். மேல்நோக்கிய துளையின் உச்சிவரை, காற்று வெளியேறச் சிறு குழாயொன்று செல்லும். அதன் வழியே குழம்பு திரும்பி வடிந்த பின்னரே துளை நிரம்பியதென நாம் நம்பலாம்.