பாளையைத் தட்டினால் தெளுவு, தோளைத் தட்டினால்?

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் வழிகளில் ஒன்று கோபாலபுரம். சோதனைச் சாவடியைத் தாண்டினால் கடைப் பலகைகளில் மலையாளம் வந்துவிடும். தென்னந்தோப்பு மட்டும் மாறாது. அந்தப் பக்கம் சித்தூர் வட்டம். கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குப் பெருமளவு கள் இங்கிருந்துதான் போகிறது.

காலை நேரத்தில் தோப்புக்குள் நின்று காதைத் தீட்டிக்கொண்டால், மேலேயிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் கேட்கும். மரமேறி ஒருவர் விரியாத பாளையைக் கயிற்றால் சுற்றிக் கட்டி, சின்னக் கட்டையால் சுற்றிலும் தட்டிக்கொண்டிருப்பார். ஓங்கி அடிக்க மாட்டார். அடித்தால் பாளை வீண். இப்படிப் பல நாள் தட்டி, நுனியைச் சீவிவிட்டால் சாறு சொட்டத் தொடங்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் தித்திக்கும் தெளுவு. தடவாவிட்டால் அது தானே புளித்துக் கள்ளாகிவிடும்.

அந்தத் தித்திப்பு எங்கிருந்து வந்தது? கட்டையிலிருந்தா? இல்லை. வெயிலில் ஓலைகள் தயாரித்த சர்க்கரை அது. தட்டியதால் வழி திறந்தது, அவ்வளவுதான்.

இப்போது மனிதர்களிடம் வருவோம். காலையில் பூங்காவில் சிலர் தங்கள் தோள், கை, தொடை எல்லாவற்றையும் தாங்களே தட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கேட்டால், "உடம்பில் சக்தி ஏறுது கண்ணு" என்பார்கள். ஏறுகிறதா?

நீங்களே பாருங்கள். வலது கை விரல் நுனிகளால் இடது முன்கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அரை நிமிடம் தட்டுங்கள். மணிக்கட்டு தளர்வாக இருக்கட்டும். பாளையைத் தட்டுகிற பதம்தான், வலிக்கக் கூடாது. நிறுத்திவிட்டுக் கண்ணை மூடுங்கள். இடது கையில் ஒரு குறுகுறுப்பும் இளஞ்சூடும் தெரியும். வலது முன்கை சும்மா கிடக்கும். சூடு, தோலுக்கு அடியில் இரத்த ஓட்டம் கொஞ்சம் கூடியதால் வந்தது. குறுகுறுப்புக்குக் காரணம் நரம்பு.

நம் தோலுக்குள் தொடுதலை உணரும் நரம்பு முனைகள் ஏராளம். தோல் அமுங்கும்போது அந்த முனைகளில் இருக்கும் 'பியசோ2' என்ற புரதம் ஒரு நுண்ணிய கதவுபோலத் திறக்கும். மின்னூட்டம் கொண்ட துகள்கள் உள்ளே பாயும், செய்தி கிளம்பிவிடும். பியசோ புரதங்களை 2010-இல் கண்டுபிடித்தது ஆர்டெம் படபூட்டியானின் குழு. அதற்காக 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்ட டேவிட் ஜூலியஸ், மிளகாய் ஏன் எரிகிறது என்று ஆராய்ந்தவர்!

தொடுதல் செய்தி நரம்பில் நொடிக்குச் சுமார் 50 மீட்டர் ஓடும். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். பொள்ளாச்சி பஸ் எதுவும் கிட்ட வர முடியாது. ஆனால் மந்தமாக நீடிக்கும் வலியின் செய்தி வேறு மெல்லிய நரம்புகளில், நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நடந்துதான் வருகிறது. முழங்கையை இடித்துக்கொண்டதும் உடனே தேய்த்துவிடுகிறோமே, யார் சொல்லித் தந்தது? தேய்த்தால் நிஜமாகவே வலி குறைகிறது. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: தண்டுவடத்தில் ஒரு வாசல் போன்ற ஏற்பாடு உண்டு, தொடுதல் செய்திகள் வந்து நெருக்கினால், வலிச் செய்தி மேலே போவது குறையும். அவர்கள் சொன்னதில் சில விவரங்களைப் பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். அடிப்படைக் கருத்து இன்றும் நிற்கிறது.

சரி, மெதுவாக அழுத்திக்கொண்டே இருந்தால் போதாதா, ஏன் தட்ட வேண்டும்? காலையில் போட்ட சட்டை உடம்பில் இருப்பது இந்த நிமிடம் வரை உங்களுக்கு நினைவிருந்ததா? மாறாமல் இருக்கும் தொடுதலை நரம்பு முனைகளில் பல சீக்கிரமே சொல்லாமல் விட்டுவிடும். தட்டல் அப்படியல்ல, விட்டு விட்டு வருவதால் ஒவ்வொன்றும் புதுச் செய்தி. மூளை திரும்பத் திரும்பக் கவனிக்க வேண்டியிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு வகுப்பில் கண் சொக்கும்போது தோளைத் தட்டிக்கொண்டால் கொஞ்சம் தெளிவதுபோல் இருப்பது இதனால் இருக்கலாம்.

ஆக, சக்தி 'ஏறவில்லை'. உடலில் சக்தி ஓடும் தனி வாய்க்கால்கள் உண்டென்று சீன மரபு சொல்கிறது. உடலைத் திறந்து பார்த்தவர்கள் கண்டதோ நரம்பு, இரத்தக் குழாய், நிணநீர்க் குழாய். வாய்க்கால் எதையும் காணோம். சக்தி, நீங்கள் தின்ற இட்லியில் இருந்தது. பட்டினியாக இருந்துகொண்டு எவ்வளவு தட்டினாலும் பசிதான் மிஞ்சும். தட்டினால் நோய் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

தட்டுவதென்றால் சதைப்பற்றான இடமாகப் பாருங்கள்: தோள், புஜம், தொடை, கெண்டைக்கால். கண், தொண்டை, முதுகெலும்பு, காயம், வீக்கம் பக்கம் போகவே கூடாது.

உண்மையிலேயே சுறுசுறுப்பு கூடுகிறதா என்று அளக்க ஒரு ஸ்கேல் போதும். நண்பர் 30 செ.மீ. ஸ்கேலின் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழே சுழி எண் அருகில் உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொடாமல் காத்திருக்கட்டும். சொல்லாமல் அவர் விட்டதும் நீங்கள் பிடிக்க வேண்டும். 20 செ.மீ.யில் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்டது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. பத்து முறை செய்து எழுதுங்கள். பிறகு கைகளை ஒரு நிமிடம் தட்டிக்கொண்டு மறுபடி பத்து முறை. எண் குறைந்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள். பழகப் பழக யாருக்கும் எண் குறையும். அதனால் உங்கள் நண்பரையும் இருபது முறை பிடிக்கச் சொல்லுங்கள், ஆனால் நடுவில் தட்டாமல், சும்மா ஒரு நிமிடம் உட்கார வைத்து. இரண்டு பேர் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.