மீனுக்குள் பதித்த அடையாளக் கம்பியைக் கண்டறியும் கருவிகள்

மீன் எந்த ஆற்றில் பிறந்தது, எந்தப் பொரிப்பகத்தில் வளர்ந்தது என்பதை அறிய, குஞ்சுப் பருவத்திலேயே அதன் உடலில் மிகச் சிறிய அடையாளம் ஒன்றைப் பதிக்கிறார்கள். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் சால்மன் மீன்களுக்கு இதற்காகப் பரவலாகப் பயன்படுவது குறியிட்ட கம்பித் துண்டு ஆகும். கண்ணுக்குத் தெரியாத இதைக் கண்டறியும் கருவியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கம்பித் துண்டு

இது துருப்பிடிக்காத எஃகால் ஆனது. வழக்கமான நீளம் 1.1 மி.மீ., விட்டம் 0.25 மி.மீ. அதாவது 0.5 மி.மீ. பென்சில் குச்சியின் பாதித் தடிமன்தான். குஞ்சின் மூக்குப் பகுதியில் ஊசியால் செலுத்தும்போதே இது காந்தமாக்கப்படுகிறது. இம்முறையை ஜெஃபர்ட்ஸ், பெர்க்மன், ஃபிஸ்கஸ் ஆகியோர் 1963இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். துண்டின் மேலுள்ள எண்ணைப் படிக்க, இறந்த மீனின் தலையிலிருந்து அதை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கருவி ஏன் தேவைப்பட்டது?

தொடக்கத்தில், கம்பி பதித்த மீனின் முதுகுப் பின்புறமுள்ள கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுவர். துடுப்பு இல்லையென்றால் உள்ளே கம்பி உண்டு என்று பொருள். 1990களின் நடுவிலிருந்து, பொரிப்பக மீனையும் இயற்கை மீனையும் மீனவர் வேறுபடுத்தி அறிவதற்காக, கம்பி இல்லாத பொரிப்பக மீன்களுக்கும் துடுப்பை வெட்டத் தொடங்கினர். கண்ணால் பார்த்துச் சொல்லும் வழி அத்துடன் பல இடங்களில் பயனற்றுப் போனது.

செயல்படும் முறை

கம்பி ஒரு சிறு காந்தம். அது உணரியைக் கடந்து நகரும்போது, அல்லது உணரி அதைக் கடந்து நகரும்போது, காந்தப்புல மாற்றம் பதிவாகி ஒலி எழும். இரண்டும் அசையாமல் இருந்தால் ஒலி எழாது. சிறு காந்தத்தின் புலம் தொலைவின் முப்படிக்கேற்பக் குறைவதால், தொலைவு இரு மடங்கானால் புலம் எட்டில் ஒன்றாகிவிடும். எனவே கம்பி சற்று ஆழத்தில் இருந்தாலும் தவறிப்போக வாய்ப்புண்டு.

இரு வகைகள்

1. கைக்கோல் கருவி: எடை குறைவு, படகிலும் மீன் இறங்குதுறையிலும் ஏற்றது. மூக்கின் மேல் தேய்த்து நகர்த்த வேண்டும். பெரிய சினூக் சால்மனாக இருந்தால் கோலை வாய்க்குள் விட்டு மேலண்ணத்திலும் தேய்க்க வேண்டும். முடிவு, பயன்படுத்துபவரின் பயிற்சியைப் பொறுத்தது.
2. சுரங்கவழிக் கருவி: மீன் முழுவதும் ஒரு குழாய் வழியே செல்லும். ஆயிரக்கணக்கான மீன்களைச் சோதிக்கும் பொரிப்பகங்களுக்கும் பதப்படுத்தும் ஆலைகளுக்கும் ஏற்றது. எடை அதிகம், நிலையான இடம் வேண்டும். வாயின் அளவு, வரக்கூடிய மிகப் பெரிய மீனுக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும்.

தவறவிட்டால் என்ன ஆகும்?

மொத்தப் பிடிப்பில் ஏறத்தாழ 20% மீன்களைச் சோதிப்பது அக்கரையில் பின்பற்றப்படும் இலக்கு. அப்படியானால் கிடைக்கும் ஒவ்வொரு கம்பியும் ஐந்து மீன்களைக் குறிக்கும். சோதித்தவற்றில் 100 மீன்களில் கம்பி இருந்து, கருவி 90ஐ மட்டும் கண்டால், 500 என்று வரவேண்டிய மதிப்பீடு 450 ஆகிவிடும். தவறுபவை பெரும்பாலும் பெரிய தலையுள்ள மூத்த மீன்கள் என்றால் வயதுக் கணக்கும் கோணலாகும். நலிந்த ஓர் ஆற்றின் மீன்கள் எவ்வளவு பிடிபடுகின்றன என்பது குறைவாகத் தெரிந்தால், அவற்றால் தாங்க முடியாத அளவுக்குப் பிடிப்பு அனுமதிக்கப்படலாம். 1985ஆம் ஆண்டின் அமெரிக்க–கனடா பசிபிக் சால்மன் உடன்படிக்கையைச் செயல்படுத்தவும் இக்கணக்குகள் பயன்படுகின்றன.

தவறான ஒலியின் விளைவு வேறு. தூண்டில் முள், மோதிரம், கைக்கடிகாரம், எஃகு மேசை ஆகியவையும் கருவியை ஒலிக்கச் செய்யும். இறந்த மீனாக இருந்தால் ஒரு தலையை வீணாக ஆய்வகத்துக்கு அனுப்பியதோடு முடியும். ஆகவே இறந்த மீன்களைச் சோதிக்கும் இடத்தில் உணர்திறனுக்கே முதலிடம் தர வேண்டும். உயிருள்ள மீனைப் பிரித்தெடுக்கும் இடத்தில், தவறான ஒலி ஓர் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால் இரண்டையும் எடைபோட வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

- பதித்தது காந்தக் கம்பியா, கண்ணாடிக் குழலுக்குள் உள்ள மின்னணுச் சில்லா? சில்லுக்கு வானொலி அலை படிப்பான் வேண்டும். கொலம்பியா ஆற்றில் 134.2 கிலோஹெர்ட்ஸ் சில்லுகள் பயன்படுகின்றன. படிப்பானும் அதே அதிர்வெண்ணில் இயங்க வேண்டும். ஒன்றுக்கான கருவி மற்றொன்றைக் காணாது.
- கம்பி முழு நீளமா, அரை நீளமா? அரை நீளக் கம்பியை உணரும் தொலைவு குறைவு.
- ஒரு மணி நேரத்தில் எத்தனை மீன்கள் வரும்? அவற்றுள் மிகப் பெரியது எவ்வளவு?
- நீர், உப்பு, குளிர் ஆகியவற்றைத் தாங்குமா? மின்கலம் ஒரு நாள் வேலைக்குப் போதுமா?

விவரப் பட்டியலை மட்டும் நம்பாமல், கம்பி உள்ளவையும் இல்லாதவையுமான மீன்தலைகளைக் கலந்து, எது எதுவென்று சோதிப்பவருக்குச் சொல்லாமல், வேலை நடக்கும் இடத்திலேயே கருவியைச் சோதிப்பது நல்லது. அச்சோதனையில் பெரிய தலைகளும் இருக்க வேண்டும். கருவிகளிடையே உள்ள வேறுபாடு அவற்றில்தான் தெளிவாகத் தெரியும்.