வெண்ணெயும் விமர்சனமும்

ஒரு சமையல் நிகழ்ச்சியைக் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கும்போது வரவேற்பறையில் எழும் பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? “பார்க்கும்போதே நாவூறுகிறது” என்பார் ஒருவர். “இவ்வளவு எண்ணெயா?” என்று முகம் சுளிப்பார் இன்னொருவர். “எங்கள் பாட்டி இதை இப்படிச் செய்யமாட்டார்” என்பார் வீட்டின் மூத்தவர். மூவரும் பார்த்தது ஒரே நிகழ்ச்சிதான். ஆனால், முதலாமவர் சுவையைப் பற்றியும் இரண்டாமவர் உடல்நலத்தைப் பற்றியும் மூன்றாமவர் மரபைப் பற்றியும் பேசுகின்றனர். நேயர்களின் கருத்துகள் ஒன்றோடொன்று மோதுவதற்கு இதுவே முக்கியக் காரணம். இதனைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவில் ஒளிபரப்பான நாட்டுப்புறச் சமையல் நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம்.

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தில் 1947ஆம் ஆண்டு பிறந்தவர் பாலா டீன். அவர் தம் பாட்டியிடம் சமையல் கற்றார். 1989ஆம் ஆண்டில், சவானா நகரில், 200 டாலர் முதலீட்டில், வீட்டிலேயே மதிய உணவு சமைத்துப் பொட்டலங்களாக விற்கத் தொடங்கினார். அவருடைய இரு மகன்களும் அவற்றை அலுவலகங்களுக்குக் கொண்டு சென்று விற்றனர். அந்தச் சிறுதொழில் பின்னர் உணவகமாக வளர்ந்தது. 2002ஆம் ஆண்டில், ‘ஃபூட் நெட்வொர்க்’ என்னும் அலைவரிசையில் அவருடைய ‘பாலாஸ் ஹோம் குக்கிங்’ நிகழ்ச்சி தொடங்கியது.

பொரித்த கோழி, பாலாடைக்கட்டி சேர்த்த மக்ரோனி, இனிப்புப் பலகாரங்கள் முதலிய தென்பகுதி வீட்டு உணவுகளை அவர் சமைத்துக் காட்டினார். வட்டார வழக்கில் பேசினார், வாய்விட்டுச் சிரித்தார், வெண்ணெயைத் தாராளமாகச் சேர்த்தார். அவருடைய இரசிகர்களுக்கு அது தங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று கதை கேட்பதுபோல் இருந்தது. எளிய பின்னணியிலிருந்து உழைத்து முன்னேறிய ஒரு தாயின் கதையும் அவர்களைக் கவர்ந்தது. “இந்நிகழ்ச்சி எனக்குப் பிடிக்கிறது” என்பது ஒருவரது விருப்பம். அதனைச் சரி என்றோ தவறு என்றோ எவரும் நிறுவ முடியாது.

உடல்நலம் பற்றிய கருத்து அத்தகையது அன்று. அதனைச் சரிபார்க்கலாம். முட்டையும் இறைச்சியும் இரண்டு இனிப்பு டோனட்டுகளுக்கு இடையே வைக்கப்பட்ட பர்கரைக்கூட பாலா டீன் செய்து காட்டினார். இத்தகைய உணவில் கொழுப்பு மிகுதி என்று பலர் குறை கூறினர். வெண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடு கொழுப்பு உள்ளது. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் மட்டும் ஏறக்குறைய 100 கலோரியும் 7 கிராம் நிறைவுற்ற கொழுப்பும் இருக்கின்றன. நாள்தோறும் நாம் பெறும் ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு நாளைக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அது ஏறத்தாழ 22 கிராம் ஆகும். எனவே, மூன்று மேசைக்கரண்டி வெண்ணெயே அந்த அளவை ஏறக்குறைய எட்டிவிடும். குறை கூறியவர்களின் கவலைக்கு இவ்வாறு சான்று உண்டு.

2011ஆம் ஆண்டில் புகழ்பெற்ற சமையற்கலைஞர் ஆண்டனி போர்டெய்ன் அவரைக் கடுமையாக விமர்சித்தார். எல்லாராலும் விலையுயர்ந்த உணவை வாங்க முடியாது என்றும், தாம் சாதாரணக் குடும்பங்களுக்காகச் சமைப்பதாகவும் பாலா டீன் பதிலளித்தார். போர்டெய்ன் உணவின் தரத்தைப் பற்றிப் பேச, பாலா டீன் மக்களின் வருமானத்தைப் பற்றிப் பேசினார். ஒருவரின் பதில் மற்றவரின் கேள்விக்கு நேரான விடையாக அமையவில்லை. விவாதங்கள் பல முடிவின்றி நீள்வதும் இப்படித்தான்.

2012ஆம் ஆண்டு ஜனவரியில், தமக்கு இரண்டாம் வகை நீரிழிவு நோய் இருப்பதாகப் பாலா டீன் தொலைக்காட்சியில் அறிவித்தார். அந்நோய் கண்டறியப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே வேளையில், ஒரு நீரிழிவு மருந்து நிறுவனத்தின் விளம்பரத் தூதராகவும் அவர் பொறுப்பேற்றார். நேயர்களிடையே சினமும் பரிவும் ஒருசேர எழுந்தன. “அவர் சமைத்த உணவே அவருக்கு நோயைக் கொடுத்தது” என்றனர் சிலர். இக்கூற்று சான்றுகளைத் தாண்டிச் செல்கிறது. மரபு, வயது, உடல் எடை, உடற்பயிற்சியின்மை எனப் பல காரணங்கள் அந்நோயோடு தொடர்புடையவை. ஒருவருக்கு எதனால் நோய் வந்தது என்பதைத் தொலைக்காட்சியைப் பார்த்துக் கூறிவிட முடியாது. “மூன்று ஆண்டுகள் சொல்லாமல் இருந்தது முறையா?” என்று கேட்டவர்களின் கேள்வியோ வேறு. அது நேயருக்கும் நிகழ்ச்சி படைப்பவருக்கும் இடையிலான நம்பிக்கையைப் பற்றியது. அவருடைய மகன்களுள் ஒருவரான பாபி டீன், தாயின் உணவு வகைகளைக் கொழுப்பும் கலோரியும் குறைத்துச் சமைக்கும் தனி நிகழ்ச்சியை அதே ஆண்டில் தொடங்கினார்.

மூன்றாவது கேள்வி மரபைப் பற்றியது. 2013ஆம் ஆண்டில், ஒரு வழக்கில் அளித்த வாக்குமூலத்தில், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லைத் தாம் முன்பு பயன்படுத்தியதுண்டு எனப் பாலா டீன் ஒப்புக்கொண்டார். பின்னர் அவர் மன்னிப்புக் கேட்டார். ஆயினும், அலைவரிசை அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆதரவாளர்கள் அவருடைய உணவகத்தின் முன் வரிசையில் நின்றனர், மற்றவர்கள் கண்டித்தனர்.

அப்போது, ஆப்பிரிக்க அமெரிக்க உணவு வரலாற்று ஆய்வாளரான மைக்கேல் டுவிட்டி அவருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அந்தச் சொல்லைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை அவர் சுட்டிக்காட்டினார். தென்பகுதி உணவை உருவாக்கியதில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் பெரும்பங்கு உண்டு. தென்பகுதியில் விரும்பி உண்ணப்படும் வெண்டைக்காயும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து சென்றவை. ‘கம்போ’ என்னும் புகழ்பெற்ற குழம்பின் பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆனால், அச்சமையலால் பேரும் பொருளும் பெறுபவர்களின் வரிசையில் அம்மக்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பதே டுவிட்டியின் வருத்தம். அவர் வருத்தத்தோடு நின்றுவிடவில்லை. தம்மோடு சேர்ந்து சமைக்க வருமாறு பாலா டீனுக்கு அழைப்பும் விடுத்தார். கண்டனமும் கண்ணியமும் ஒரே மடலில் இருக்க முடியும் என்பதை அது காட்டியது.

இந்த எடுத்துக்காட்டிலிருந்து நாம் ஒரு வழிமுறையைப் பெறலாம். ஒரு நேயரின் கருத்தைப் படிக்கும்போது, அது விருப்பமா, சரிபார்க்கத்தக்க கூற்றா, நெறி பற்றிய தீர்ப்பா என முதலில் பிரித்தறிய வேண்டும். விருப்பம் என்றால் மதித்து ஏற்கலாம். கூற்று என்றால் சான்று தேட வேண்டும். தீர்ப்பு என்றால் அதற்கான காரணங்களை எடைபோட வேண்டும். எத்தனை பேர் ஒரு கருத்தை ஆதரிக்கின்றனர் என்பது அதன் செல்வாக்கைத்தான் காட்டும். அதன் உண்மையைக் காட்டாது.

இவை நமக்கும் தொடர்புடையவை. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு மேற்கொள்ளப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி, பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு, நீரிழிவு நோய் இருந்தது. அதனால் பாட்டியின் கைப்பக்குவத்தைக் கைவிட வேண்டும் என்பதில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நமக்குச் சொல்லித் தந்தவர்களும் அந்தப் பாட்டிமார்கள்தாம். அடுத்த முறை சமையல் நிகழ்ச்சியைப் பார்த்து வீட்டில் ஒருவர் “ஆகா!” என்றும் மற்றவர் “ஐயோ!” என்றும் கூறினால், யார் சொல்வது சரி என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஒருவேளை இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.