குட்டி ஆமையும் குழந்தையின் விரலும்

வண்ணமீன் கடையில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் பச்சை ஆமைக்குட்டியைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் கை நீட்டும். சிவப்புக்காது ஆமை என்று பெயர். அமெரிக்காவைச் சேர்ந்த இனம். வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால், தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

கடிக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆமை, ஓணான், பாம்பு போன்ற ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா இருப்பது சாதாரணம். ஆமைக்கு அதனால் நோய் வராது, நன்றாகவே நீந்திக்கொண்டிருக்கும். கிருமி மட்டும் எச்சத்தோடு வெளியேறி, தொட்டித் தண்ணீரிலும் ஓட்டிலும் ஒட்டியிருக்கும். எல்லா நாளும் வெளியேறாது. அதனால் ஒருமுறை சோதித்து ‘இல்லை’ என்று வந்தாலும் நம்புவதற்கில்லை. தொட்ட விரல் வாய்க்குப் போனால் போதும்: ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாளுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி. பெரியவர்கள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். கைக்குழந்தைக்கோ கிருமி ரத்தத்தில் கலந்து மூளை வரைக்கும் போகலாம். ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா 1975இல் தடை போட்டது இதனால்தான். அவ்வளவு சிறியதைப் பிள்ளைகள் வாயிலேயே வைத்துவிடுகிறார்கள்.

திருப்பூரின் காம்பவுண்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். சமையலும் படுக்கையும் ஒரே அறையில். அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனிக்குப் போயிருக்க, தவழும் பிள்ளை அம்மிச்சியின் பொறுப்பில். ஓவர்டைம் முடிந்து அலுப்போடு வருகிறவர் ஆமைத் தொட்டியைப் பாத்திரம் கழுவும் இடத்திலேயே கழுவிவிடுவார். பிள்ளை ஆமையைத் தொடவே வேண்டாம். அந்த இடத்தில் கழுவிய பால் பாட்டில் போதும்.

ஏற்கெனவே வளர்க்கிறீர்கள் என்றால் தொட்டி சமையல் பக்கம் வரக்கூடாது. அழுக்குத் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். தரையில் உலவ விடாதீர்கள், முத்தம் கொடுக்க விடாதீர்கள். தொட்டவர் யாரானாலும் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவட்டும். பள்ளி போகும் பிள்ளை பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தொடலாம்.

ராசி என்று சொல்லி நட்சத்திர ஆமையை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பச்சை இகுவானா, ‘பால் பைத்தான்’ என்ற மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு இனங்களையும் 2024 விதிகளின்படி ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

சிவப்புக்காது ஆமை ஓர் அடி நீளம் வரை வளரும். முப்பது ஆண்டுகூட வாழும். சலித்துப்போனது என்று நொய்யல் ஆற்றிலோ நஞ்சராயன் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். நம் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். நஞ்சராயன் 2024இல் ராம்சர் ஈரநிலத் தகுதி பெற்ற பறவைகள் சரணாலயம். வளர்க்க முடியாவிட்டால் வனத்துறையைக் கேளுங்கள்.

பேதியும் காய்ச்சலுமாகப் பிள்ளையை டாக்டரிடம் தூக்கிப் போகும்போது, வீட்டில் ஆமை இருப்பதைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.