இரும்பின் தோற்றமும் தரமும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியிலுள்ள மண்டகப்பட்டில் குன்றைக் குடைந்து அமைத்த கோயில் ஒன்று இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கும் அதை ஆக்குவித்ததாக முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கல்வெட்டுப் பொறித்தான். இன்றோ, உலோகமின்றிப் பள்ளிக் கூரையையோ குடிநீர்த் தொட்டியையோ அமைத்தல் இயலாது. ஆகவே, ஊர்ப் பணத்தில் வாங்கும் இரும்பின் தரத்தை அறிந்து ஏற்பது பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும்.

முதலில் துத்தநாகம் பூசிய தகடு, குழாய், வேலிக்கம்பி ஆகியவற்றைப் பார்ப்போம். ஏறத்தாழ 450 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்து இவற்றைச் செய்கிறார்கள். மேற்பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும், துத்தநாகம் முதலில் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கிறது. தகட்டின்மீது பூக்கோலம் போன்ற வடிவம் தெரிந்தால்தான் நல்ல சரக்கு என்று பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. துத்தநாகத்தில் கலந்துள்ள பிற உலோகங்களையும், பூச்சு ஆறும் வேகத்தையும் பொறுத்தே அக்கோலம் அமைகிறது. இரும்பில் சிலிக்கான் மிகுந்திருந்தால் பூச்சு மங்கிய சாம்பல் நிறமாகும். ஆயினும் அது தடிப்பாகவே இருக்கும். மின்சார முறையில் முலாமிட்ட பொருளோ கண்ணைப் பறிக்கும். ஆனால் அதன் பூச்சு மெல்லியது.

எனவே, நிறத்தைக் கேளாமல் பூச்சின் எடையைக் கேட்க வேண்டும். தகட்டில் 275 என்னும் தரக்குறி இருந்தால், இருபுறமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் உண்டு என்பது பொருள். மரக்காணம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் பூச்சு கனமாயிருத்தல் மிகவும் அவசியம். தகடுகளை ஈரத்தோடு அடுக்கி வைத்தால் வெண்துரு படியும். காற்றோட்டமான இடத்தில் உலர வைப்பதே தக்கது. வெட்டிய முனைகளிலும் பற்றவைத்த இடங்களிலும் துத்தநாக வர்ணம் பூசுதல் நலம்.

அடுத்தது, பழைய இரும்பிலிருந்து செய்த கம்பி. காயலான் கடை இரும்பு என்றதும் அதை இகழ வேண்டுவதில்லை. பழைய இரும்பை உலையில் உருக்கி, கந்தகம், பாஸ்பரஸ் முதலியவற்றை அளவுக்குள் அடக்கி வார்த்த எஃகு, கனிமத்திலிருந்து எடுத்த எஃகுக்கு ஈடானதே. ஆனால் பழைய தண்டவாளத்தையும் கப்பல் தகட்டையும் உருக்காமலே காய்ச்சி நீட்டிய கம்பியும் உண்டு. அதன் வலிமைக்கு உறுதி கூற இயலாது. இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும்! மேலாகப் படிந்த இலேசான செந்துரு குற்றமன்று. செதில் செதிலாக உதிரும் துருவே குற்றம்.

சரக்கு வந்து இறங்கியதும் மூன்று காரியங்களைச் செய்க. கம்பியின்மேல் உற்பத்தியாளர் குறி பொறித்திருக்கிறதா, ஐ.எஸ். 1786 என்னும் தர முத்திரை உண்டா என்று பாருங்கள். சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பிறகு ஒரு மீட்டர் வெட்டி நிறுத்துப் பாருங்கள்: 8 மில்லிமீட்டர் கம்பி 0.395 கிலோவும், 12 மில்லிமீட்டர் கம்பி 0.888 கிலோவும் இருத்தல் வேண்டும். சிறு வேறுபாட்டை விதி அனுமதிக்கிறது. பத்திலொரு பங்கு குறைந்தால் அச்சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

காங்கிரீட்டுக்குள் மறைந்த கம்பியைப் பின்னர் எவரும் காண முடியாது. அதன் கீழே நம் குழந்தைகள் அமர்ந்து படிப்பார்கள். ஆதலின், மறையுமுன் நிறுத்துப் பார்ப்போமாக.