மால்டாவின் ஆடும் அமெரிக்காவின் பசுவும்

அரபு நாடுகளில் ஒருவகைக் காய்ச்சலுக்கு மக்களிடையே இன்றும் வழங்கும் பெயர் 'அல்ஹும்மா அல்மால்திய்யா', அதாவது மால்டாக் காய்ச்சல் என்பதாகும். வளைகுடாவில் பணிபுரிந்து திரும்பியவர்களுள் சிலர் இப்பெயரைக் கேட்டிருக்கக்கூடும். ஆடும் ஒட்டகமும் மேயும் அரபுப் பாலைவெளியின் நோய் ஒன்று, மத்தியதரைக் கடலிலுள்ள ஒரு சிறு தீவின் பெயரைச் சுமந்து நிற்பது வியப்புக்குரியது. புருசெல்லோசிஸ் என மருத்துவ நூல்கள் குறிக்கும் இந்நோயைப் பொறுத்தவரை, பெயரே நெடுங்காலம் உண்மையை மறைத்து நின்றது. மால்டாவின் ஆடுகளிலிருந்து மனிதரை வந்தடையும் கிருமி ஒன்று, பசுக்களைத் தாக்கும் கிருமி வேறொன்று என்று அறிவுலகம் தீர்மானித்து, இரண்டுக்கும் இருவேறு பெயர்களைச் சூட்டிவிட்டது. அவ்விரண்டையும் ஒரே மேசையின்மீது வைத்து ஒப்பிட்டவர் ஆலிஸ் எவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் நுண்ணுயிரியலாளர். அவருடைய ஆய்வைப் பற்றியே இங்கு நாம் பேச விழைகிறோம்.

முன்கதையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். மால்டாவில் நிலைகொண்டிருந்த பிரித்தானியப் படையினர் வாரக்கணக்கில் ஏறியும் இறங்கியும் வருத்தும் காய்ச்சலால் துன்புற்றனர். இராணுவ மருத்துவரான டேவிட் புரூஸ், இறந்த வீரர்களின் மண்ணீரலிலிருந்து அந்நோயின் கிருமியை 1887இல் பிரித்தெடுத்தார். அது எவ்வழியாக உடலுக்குள் புகுகிறது என்பது மேலும் 18 ஆண்டுகள் புலப்படவில்லை. மால்டாவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்டோக்லெஸ் ஸம்மித், நோயின் அடையாளம் எதுவுமற்று நலமாகத் தோன்றிய ஆடுகளே அக்கிருமியைச் சுமந்து திரிவதை 1905இல் கண்டறிந்தார். வீட்டுவாசல்தோறும் ஆட்டை ஓட்டிச் சென்று அங்கேயே பால் கறந்து கொடுப்பது அத்தீவின் வழக்கம். 1906இல் படையினரின் உணவிலிருந்து ஆட்டுப்பால் நீக்கப்பட்டவுடன் அவர்களிடையே நோய் மளமளவெனக் குறைந்தது.

அதே 1905ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் கால்நடைப் பிரிவு, நல்ல பால் தரும் மால்டா ஆடுகள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை வாங்கிக் கப்பலேற்றியது. வழியில் அவற்றின் பாலைக் குடித்த கப்பற் பணியாளர் பலர் காய்ச்சலில் வீழ்ந்தனர். கரை சேர்ந்த ஆடுகள் தனிமைப்படுத்தப்பட்டுப் பின்னர் கொல்லப்பட்டன. ஆபத்தைத் துறைமுகத்திலேயே தடுத்துவிட்டதாக அந்நாட்டு அதிகாரிகள் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் அதன் நெருங்கிய உறவுக் கிருமி ஏற்கெனவே அவர்களுடைய பசுத்தொழுவங்களில் குடியிருந்தது.

பசுக்களில் கன்று வீச்சு நோயை உண்டாக்கும் கிருமியை டென்மார்க்கின் கால்நடை மருத்துவர் பெர்னார்ட் பாங் 1897இலேயே கண்டுபிடித்திருந்தார். எனினும் அதை மால்டாக் கிருமியோடு ஒப்பிட வேண்டும் என்ற எண்ணம் இருபது ஆண்டுகள் எவருக்கும் உதிக்கவில்லை. இதற்கு ஒரு காரணம், புரூஸ் தம் கிருமியை உருண்டை வடிவினது என்று வகைப்படுத்தியமை. பாங்கின் கிருமியோ கோல் வடிவினதாகப் பதிவாயிற்று. உண்மையில் இவை உருண்டையோ கோலோ எனப் பிரித்தறிய இயலாத குறுங்கோல்கள். மற்றொரு காரணம், முன்னதை மனித மருத்துவரும் பின்னதைக் கால்நடை மருத்துவரும் ஆராய்ந்தமை. ஒரு சாராரின் இதழ்களை மறுசாரார் படிப்பது அரிதாயிருந்தது. கிருமிக்கு இல்லாத வேலியை அறிஞர்களே எழுப்பிக்கொண்டனர் என்பது நம் கருத்து.

ஆலிஸ் எவன்ஸ் 1881இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். நான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்து, கிராமப்புற ஆசிரியர்களுக்குக் கட்டணமின்றி நடத்தப்பட்ட இயற்கைக் கல்வி வகுப்பின் வழியாகக் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தார். 1909இல் அங்கு இளநிலைப் பட்டமும், 1910இல் விஸ்கான்சினில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். முனைவர் பட்டத்துக்கு அவர் செல்லவில்லை. வேளாண்மைத் துறையின் கால்நடைப் பிரிவில், மால்டா ஆடுகளை வாங்கிய அதே அமைப்பில், பால்வள ஆய்வாளராகப் பணியேற்றார். புதிதாகக் கறந்த பாலில் இயல்பாகவே காணப்படும் பாக்டீரியாக்களை ஆராய்வது அவருக்கு அளிக்கப்பட்ட பணிகளுள் ஒன்று.

அப்பணியின்போதே கன்று வீச்சுக் கிருமி அவர் கண்ணில் பட்டது. நோய்க்குறி எதுவுமற்ற பசுக்களின் மடியிலிருந்தும் அது பாலோடு வெளிவந்தது. மால்டாவில் ஆடு செய்ததைத்தான் இங்கே பசு செய்கிறதோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. இரு கிருமிகளையும் வளர்த்து அருகருகே சோதித்தார். அவற்றின் வளர்ச்சியிலும் வேதியியல் சோதனைகளிலும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஒன்றுக்கு எதிராக விலங்கின் இரத்தத்தில் உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றையும் திரளச் செய்தது. சினையுற்ற கினிப்பன்றிகளில் இரண்டுமே கருச்சிதைவை உண்டாக்கின. இம்முடிவுகளை அவர் 1917இல் அமெரிக்க பாக்டீரியவியலாளர் சங்கத்தின் கூட்டத்தில் எடுத்துரைத்தார். 1918இல் கட்டுரையாக வெளியிட்டார். ஆடும் பசுவும் சுமப்பவை நெருங்கிய உறவுடைய கிருமிகள் என்றால், பசுவின் காய்ச்சாத பாலும் மனிதருக்குத் தீங்கு விளைவிக்கலாமே என்ற கேள்வி அதில் அடங்கியிருந்தது.

அவையினர் நம்பவில்லை. இவ்வளவு எளிய ஒற்றுமை உண்மையாயின், முன்னரே எவரேனும் கண்டிருக்க மாட்டார்களா என்று கேட்டனர். பட்டமும் பதவியும் குறைந்த ஒரு பெண்ணின் கூற்று என்பதும் அந்த ஐயத்துக்கு உரமிட்டது. பாலைச் சூடாக்கிப் பதப்படுத்தும் கருவிகளை விற்பவர்களோடு அவர் கூட்டுச் சேர்ந்துள்ளார் என்றுகூடப் பேசப்பட்டது. ஆனால் எதிர்ப்பாளர் அனைவரையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. அவர்களுள் முதன்மையானவர் தியோபால்ட் ஸ்மித். மாட்டின் காசநோய்க் கிருமியும் மனிதனின் காசநோய்க் கிருமியும் வெவ்வேறு வகையின என்று 1898இல் நிறுவிய பேரறிஞர் அவர். ஒன்றெனத் தோன்றுபவை வேறாக இருக்கக்கூடும் என்பதைத் தம் ஆய்வாலேயே கற்றவர், வேறென எண்ணப்பட்டவை ஒன்றுதான் என்ற கூற்றை எளிதில் ஏற்காதது இயல்பே. பசும்பாலில் அக்கிருமி அவ்வளவு பரவியிருந்தால் நோயாளிகள் எங்கே என்ற வினாவும் புறக்கணிக்கத்தக்கதன்று. பசுவின் வகை, ஆட்டின் வகையைவிட மனிதரிடத்தில் வீரியம் குறைந்தது என்பது இன்று நாம் அறிந்த செய்தி.

ஆனால் நோயாளிகள் இருந்தனர். மலேரியா, டைபாய்டு, காசநோய், வாதக் காய்ச்சல் என்ற பெயர்களுக்குள் அவர்கள் மறைந்திருந்தனர். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் பெருகும் வியர்வை, மூட்டுவலி, முதுகுவலி, காரணம் புலப்படாத சோர்வு என்பனவற்றை வைத்து மட்டும் இந்நோயை எவரும் அடையாளம் காண இயலாது. 1920இல் கலிபோர்னியாவில் கார்ல் மேயரும் அவருடைய உடனாய்வாளரும் எவன்ஸின் முடிவை உறுதிசெய்து, புரூஸின் நினைவாக 'புருசெல்லா' என்ற பொதுப்பெயரை முன்மொழிந்தனர். அடுத்தடுத்த ஆண்டுகளில், பசுவின் வகையால் நோயுற்ற மனிதர்கள் ஒவ்வொருவராகக் கண்டறியப்பட்டனர்.

இதற்கிடையில், 1922இல், எவன்ஸே தம் ஆய்வுக்கூடத்தில் அக்கிருமியின் தொற்றுக்கு ஆளானார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நோய் அவரை விட்டுவிட்டுத் துன்புறுத்தியது. உடலில் குறை எதுவும் தென்படாத நிலையில், இது நரம்புத் தளர்ச்சி என்று மருத்துவர் சிலர் முடிவுகட்டினர். இவர் இல்லாத நோயைக் கற்பனை செய்துகொள்கிறார் என்பதே அச்சொல்லின் உட்பொருள். பின்னர் வேறொரு காரணத்துக்காக அறுவை சிகிச்சை நடந்தபோது, அவர் உடலிலிருந்தே புருசெல்லா கிருமி எடுத்து வளர்க்கப்பட்டது. ஒரு நோயைப் பற்றி உலகில் எவரினும் மிகுதியாக அறிந்தவர், அந்நோய் தமக்கு உண்டென்று மெய்ப்பிக்க ஆண்டுகள் பல காத்திருக்க நேர்ந்தது. 1925இல் ஸ்மித் தலைமை தாங்கிய ஆய்வுக் குழுவிலேயே அவரும் இடம்பெற்றார். 1928இல் பாக்டீரியவியலாளர் சங்கத்தின் முதற்பெண் தலைவரானார். 1930களில் பாலைப் பதப்படுத்தும் முறை அந்நாட்டில் பரவலாக வேரூன்றியது. 1975இல் தம் 94ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இக்கிருமி இத்தனைக் காலம் உடலில் ஒளிந்திருப்பது எங்ஙனம்? உடலின் காவலர்களான வெள்ளணுக்களுள் ஒருவகை, அந்நியக் கிருமிகளை விழுங்கிச் செரித்துவிடும். புருசெல்லாவோ, விழுங்கப்பட்ட பின்னரும் செரிக்கப்படாமல் அவ்வணுவுக்குள்ளேயே தங்கிப் பெருகுகிறது. அவ்வணுவையே வாகனமாக்கி எலும்பு மஜ்ஜை, கல்லீரல், மண்ணீரல் எங்கும் பரவுகிறது. இதனாலேயே இரு மருந்துகளை இணைத்துக் குறைந்தது ஆறு வாரங்கள் உட்கொள்ள நேர்கிறது. பசு, ஆடு ஆகியவற்றின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற சர்க்கரைவகைப் பொருள் மிகுதியாக உண்டு. அதை இக்கிருமி விரும்பி உண்டு பெருகுவதே கால்நடைகளில் கன்று வீச்சுக்கு ஒரு காரணமென விளக்குவர். மரபணுக்களை ஒப்பிட்டவர்கள், ஆடு, பசு, பன்றி எனப் பிரித்த வகைகள் யாவும் ஒரே இனமாகக் கருதத்தக்க அளவு ஒத்திருக்கின்றன என்று 1985இல் எழுதினர். நடைமுறை வசதிக்காகவே பழைய தனிப்பெயர்கள் நிலைத்துள்ளன.

நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சிய பின்னரே அருந்துகிறோம். சீம்பாலைக்கூட வேகவைத்தே உண்கிறோம். 72 பாகை செல்சியஸில் 15 விநாடிகளே போதும் எனில், கொதித்த பாலில் இக்கிருமிக்கு இடமில்லை. ஆகவே இந்தியாவில் இந்நோயின் சுமை பால் அருந்துவோரைவிட, கால்நடையோடு உழைப்போர்மீதே மிகுதியாக விழுகிறது. தங்கிய நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பவர், வீசிய கன்றைச் சுமந்து சென்று புதைப்பவர், கையில் வெட்டுக்காயத்தோடு அறுவைக்கூடத்தில் பணிபுரிபவர் ஆகியோரே அவர்கள். 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், 4 முதல் 8 மாத வயதுள்ள பெண் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. அதன் கிருமி, 1923இல் ஒரு ஜெர்சிப் பசுவின் பாலிலிருந்து எடுக்கப்பட்டு, அறை வெப்பத்தில் ஓராண்டுக்கும் மேல் கிடந்து தானே வீரியமிழந்த ஒன்று. ஆயினும் அது உயிருள்ள கிருமியே. ஊசி தவறி மருத்துவரின் விரலில் குத்தினால் அவருக்கே நோய் வரலாம். மனிதருக்கெனப் பரவலாக ஏற்கப்பட்ட தடுப்பூசி இன்றுவரை இல்லை.

வளைகுடாவில் மந்தை மேய்க்கும் பணியிலுள்ள நம்மவர் நிலை வேறு. அங்கு ஒட்டகப் பாலைக் கறந்த சூட்டோடு பச்சையாக அருந்துவது விருந்தோம்பலின் பகுதி. காய்ச்சாத பாலில் செய்த பாலாடைக்கட்டியும் உண்டு. ஊர் திரும்பியபின் ஒருவருக்கு வாரக்கணக்கில் காய்ச்சலும் முதுகுவலியும் நீடித்தால், தாம் அருந்திய பாலையும் பழகிய விலங்குகளையும் பற்றி மருத்துவரிடம் அவரே முன்வந்து கூற வேண்டும். இங்குள்ள மருத்துவர் அதைக் கேட்க நினைக்காமல் போகலாம். இரத்தம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்படும்போது, புருசெல்லா என்ற ஐயம் உண்டென்று சீட்டில் எழுதுவதும் இன்றியமையாதது. இக்கிருமி மெதுவாக வளர்வதால் வளர்ப்புத்தட்டை விரைந்து அப்புறப்படுத்திவிடக் கூடாது. முன்னறிவிப்பின்றி அதைத் திறக்கும் ஆய்வாளர் சுவாசத்தின் வழியாகவே தொற்றுக்கு ஆளாகக்கூடும்.