"பத்து நாள் கழிச்சு அனுப்புங்க" என்று கேட்டால்?



ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும், ராஜபாளையம் பக்கத்துத் தளவாய்புரம் நைட்டியும் இன்றைக்கு போனில் வரும் ஆர்டரிலேயே வெளியூர் போகின்றன. ஆன்லைனில் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு சிக்கலைப் பற்றி இங்கே பார்ப்போம்.

சென்னையில் இருந்து ஒரு அம்மா நான்கு நைட்டி ஆர்டர் போடுகிறார். மறுநாள் போன் வருகிறது. "அக்கா, நாங்க ஊருக்குப் போறோம். வீடு பூட்டியிருக்கும். பத்து நாள் கழிச்சு அனுப்புங்க." நாமும், "அதுக்கென்னம்மா, மெதுவா அனுப்பறேன்" என்று சொல்லிவிடுகிறோம். கேட்டது அவர்தானே, இதில் நமக்கு என்ன நஷ்டம் என்றுதான் தோன்றும். ஆனால் அடி விழுவது நமக்குத்தான்.

ஏன் அப்படி?

ஒவ்வொரு ஆர்டரிலும் "இந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும்" என்று போட்டிருக்கும். நாம் போனில் பேசியது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தேதி தாண்டினால் தாமதம் என்றுதான் எழுதிக்கொள்ளும். அமேசானில் தாமதமாக அனுப்புவது 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நாமாக ரத்து செய்வது 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பெரிய வியாபாரிக்கு ஒரு ஆர்டர் தவறினால் பெரிதாகத் தெரியாது. மாதம் 20 ஆர்டர் மட்டும் வரும் நமக்கு ஒன்று தவறினாலே 5 சதவீதம் ஆகிவிடும்! இப்படியே போனால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். கடன் வாங்கித் துணி எடுத்தவளின் தவணை அதோடு நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சொன்ன தேதிக்குப் பிறகு பொருள் போய்ச் சேர்ந்தால், பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. "நீங்கதானே லேட்டா அனுப்பச் சொன்னீங்க" என்று நாம் சொன்னால் போதாது. எழுத்தில் ஆதாரம் வேண்டும்.

செய்யக் கூடாதவை

1. பார்சலை வீட்டில் வைத்துக்கொண்டு "அனுப்பியாச்சு" என்று பட்டனை அழுத்தாதீர்கள். கூரியர் எண் நகராமல் நிற்பது எல்லோருக்கும் தெரியும். பொய் சொன்ன பெயர் வரும்.

2. "வேறு விலாசத்துக்கு அனுப்புங்க" என்று போனில் சொன்னால் அப்படியே அனுப்பாதீர்கள். கேட்பவர் ஆர்டர் போட்டவர்தானா என்று நமக்குத் தெரியாது. ஆர்டரில் இல்லாத விலாசத்துக்குப் போன பொருளை "வரவில்லை" என்று சொன்னால் நம் பக்கம் ஒன்றும் நிற்காது.

3. வீடு பூட்டியிருக்கும் என்று தெரிந்தும் அனுப்பாதீர்கள். பணம் கையில் வாங்கும் ஆர்டர் என்றால் பார்சல் திரும்பி வரும். துணியாவது மிஞ்சும், பால்கோவா மிஞ்சாது.

அப்போ என்ன செய்வது?

முதலில், போனில் கேட்டாலும் பதிலை அந்தத் தளத்தின் மெசேஜ் வழியாகவே அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்கள் ஆர்டரை இந்தத் தேதிக்குள் அனுப்பியாக வேண்டும். வீட்டில் ஆள் இருந்தால் இப்போதே அனுப்புகிறோம். இல்லையென்றால் உங்கள் ஆர்டர் பக்கத்தில் ரத்து கேட்டுவிட்டு, ஊரிலிருந்து வந்ததும் மறுபடி ஆர்டர் போடுங்கள். உங்களுக்காகச் சரக்கு எடுத்து வைக்கிறோம்."

அமேசானில் வாங்குபவரே தன் பக்கத்தில் ரத்து கேட்டால் அது நம் ரத்துக் கணக்கில் சேராது. வாயால் கேட்டதை வைத்து நாமே ரத்து செய்தால் சேர்ந்துவிடும். இந்த வித்தியாசம் முக்கியம். விலை ஏறும் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அளவெடுத்துத் தைத்துத் தரும் பொருளுக்கு, பதிவு செய்யும்போதே அனுப்ப ஆகும் நாட்களைக் கூட்டிப் போடுங்கள். குழுவில் கல்யாணம், திருவிழா என்றால் கடையை "விடுமுறை"யில் வையுங்கள்.

தின்பண்டம் விற்பவர்கள் கவனத்துக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டியது நாம்தான். ஆன்லைனில் விற்கும் உணவு வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது, அதன் ஆயுளில் 30 சதவீதமாவது, அல்லது காலாவதிக்கு 45 நாளாவது மீதி இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் அறிவுறுத்தியது. உங்கள் பாக்கெட்டில் 20 நாள் என்று போட்டிருந்தால் 6 நாளாவது மீதி வேண்டும். கிண்டியதை 10 நாள் வைத்திருந்து, வழியில் 5 நாள் போனால் மிஞ்சுவது 5 நாள்தான். ஆகவே பிறகு அனுப்பும் ஆர்டருக்கு அந்தத் தேதிக்குத்தான் பால் காய்ச்ச வேண்டும்.

வாட்ஸ்அப்பில் நேராக வரும் ஆர்டரில் இந்தக் கெடு கிடையாது. அங்கே தாராளமாக நிறுத்தி வைக்கலாம். ஆனால் தேதி, விலை, வாங்கிய முன்பணம், வராவிட்டால் என்ன என்று நான்கையும் எழுதி "சரி" என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். குழு நோட்டிலும் ஒரு வரி எழுதுங்கள்.

வாடிக்கையாளர் மனம் கோணாமல் பேச வேண்டியதுதான். அதற்காக நம் கணக்கைப் பணயம் வைக்க வேண்டாம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஊக்குநர் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். மேலே உள்ள பதிலை எல்லோரும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.